கட்டைவிரல் போகும் வழி

அன்புள்ள தம்பி,

“கை வேகம் பத்தல அக்கா, அதான் தோத்துக்கிட்டே இருக்கேன். லெவர்லெஸ் கன்ட்ரோலர் ஒண்ணு வேணும், அப்பாகிட்ட நீங்கதான் பேசணும்” என்று எழுதியிருந்தாய். அப்பாவிடம் பேசுவதற்கு முன் உன்னிடம் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. நீ அனுப்பிய ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உன் கைக்கு வேகக் குறைச்சல் எதுவும் இல்லை. தேவைக்கு மேலேயே ஓடுகிறது. ஆனால் நீ ஹடோகென், அதாவது தொலைவுக்குப் பாயும் ஆற்றல் பந்து, போட நினைக்கும்போது நீ ஆடும் வீரன் ரியூ உட்கார்ந்த வாக்கில் ஒரு குத்து விடுகிறான். இன்னொரு சமயம் குதிக்கிறான். வேறொரு சமயம், எதிராளி தொலைவில் நிற்கும்போது, ஷோர்யூகென் என்ற எழும்பிக் குத்தும் அசைவை வெறும் காற்றில் போட்டு அடி வாங்குகிறான். மூன்றும் மூன்று தனித்தனித் தவறுகள். நீயோ மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘வேகம் பத்தல’ என்று பெயர் வைத்துவிட்டாய்.

முதலில் வேகம் பற்றிய அந்தப் பயத்தைக் கழற்றி வைத்துவிடு. 2023 செப்டம்பரில் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 பதக்கப் போட்டியாகவே நடந்தது. இந்தியாவுக்காக மயங்க் பிரஜாபதியும் அயன் பிஸ்வாஸும் ஆடினார்கள். தங்கம் வென்றவர் தென்கொரியாவின் கிம் குவான்-வூ. அப்போது அவருக்கு வயது 44. விரல் வேகம்தான் இந்த ஆட்டத்தைத் தீர்மானிக்கும் என்றால் அந்த வயதில் அவர் மேடை ஏறியிருக்க முடியாது.

கணக்கைப் பார்த்தாலே விஷயம் புரியும். சண்டை ஆட்டங்கள் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுகின்றன. ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 16.7 மில்லி நொடி. கண்ணால் ஒன்றைக் கண்டு விரலை அசைக்க மனிதருக்கு 200 முதல் 250 மில்லி நொடி பிடிக்கும். அதாவது 12 முதல் 15 ஃபிரேம். அப்படியிருக்க, ஒன்றிரண்டு ஃபிரேமுக்குள் விழ வேண்டிய அழுத்தத்தை எவராலும் பார்த்துவிட்டு அழுத்த முடியாது. அது தாளமாக உடம்பில் ஏறியிருக்க வேண்டும். 2004 ஈவோ போட்டியில் டைகோ உமெஹாரா, ஜஸ்டின் வாங்கின் சுன்-லீ தொடுத்த 15 அடி சூப்பர் தாக்குதலை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு ஜெயித்த வீடியோவை நீயும் பார்த்திருப்பாய். முதல் உதையைத் திரை மின்னிய பிறகு தட்டலாம் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். வரப்போகிறது என்று ஊகித்து முன்கூட்டியே முன்பக்கம் தட்டியாக வேண்டும். அதற்குப் பின் வருவது முழுக்க முழுக்கத் தாளம். அதை அபாரமான ரிஃப்ளெக்ஸ் என்று சொல்கிறவர்கள் அவர் செய்ததைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம்.

சரி, உன் விரலுக்கு வருவோம். கீபோர்டின் வலது ஓரத்தில் இருக்கும் எண்பலகையை நினைத்துக்கொள். 5 நடு, அதாவது கன்ட்ரோலரின் திசை விசையான டி-பேடில் எதையும் அழுத்தாத நிலை. 2 கீழே, 8 மேலே, 6 எதிராளி நிற்கும் பக்கம், 4 உன் முதுகுப் பக்கம். 1, 3, 7, 9 நான்கு மூலைகள். உலகம் முழுக்கப் பல ஆட்டக்காரர்கள் அசைவுகளை இப்படி எழுதிக்கொள்கிறார்கள். ஹடோகென் என்றால் 236, கூடவே குத்து. ஷோர்யூகென் என்றால் 623, கூடவே குத்து. நீயும் இப்படியே எழுதிப் பழகு. தவறு எந்த எண்ணில் நடந்தது என்று சுட்டிக்காட்ட வசதி.

டிரெய்னிங் மோடில் இன்புட் ஹிஸ்டரியைத் திறந்து வை. திரையின் ஓரத்தில் அம்புக்குறிகளும் பட்டன்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். ஒவ்வொன்றும் எத்தனை ஃபிரேம் நீடித்தது என்ற எண்ணும் பக்கத்திலேயே இருக்கும். இந்த ஓரத்தைத்தான் நீ ஒரு நாளும் பார்ப்பதில்லை. உன் கண் முழுக்க ரியூவின் மேல் இருக்கிறது.

ரியூ உட்கார்ந்து குத்தினான் என்று வைத்துக்கொள். ஹிஸ்டரியில் 2 இருக்கும், 3 இருக்கும், அந்த 3-இன் பக்கத்திலேயே குத்தும் இருக்கும்; 6 அதற்கு மேல் வரிசையில், ஒரு ஃபிரேமோ இரண்டு ஃபிரேமோ தாமதமாக வந்திருக்கும். இடது கட்டைவிரல் 6-ஐ அடையுமுன் வலது கட்டைவிரல் அவசரப்பட்டுவிட்டது. இங்கே இடது கையை வேகப்படுத்தினால் வலது கையும் சேர்ந்து வேகமெடுக்கும், தவறு அப்படியே இருக்கும். வலது கையைக் கொஞ்சம் தாமதப்படுத்து. 6-இல் விரல் அமர்ந்ததை உணர்ந்த பிறகு குத்து. ஆட்டமே அதற்குச் சில ஃபிரேம் அவகாசம் தருகிறது. 6-உம் குத்தும் ஒரே கணத்தில் விழுந்தாக வேண்டும் என்ற கட்டாயம் ஹடோகெனுக்கு இல்லை.

நின்றபடியே வெறும் குத்து வந்தால் கதை வேறு. பெரும்பாலும் 3 காணாமல் போயிருக்கும். 2, அப்புறம் நேரே 6. விரலைத் தூக்கி அடுத்த இடத்தில் வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். மூன்றும் இருந்தும் வரவில்லை என்றால் பக்கத்திலுள்ள ஃபிரேம் எண்ணைப் பார். 2-இல் நெடுநேரம் தங்கியிருப்பாய், ஆட்டம் அந்த அசைவை மறந்திருக்கும். குதித்தால், விரல் 6-ஐத் தாண்டி 9-க்கு ஏறிவிட்டது. கட்டைவிரல் வில்லாக வளைவதால் வட்டத்தின் கடைசியில் மேல்நோக்கிப் போவது இயல்புதான். 6-ஐக் கடந்துபோகும் இடம் என்று நினைக்காமல், அழுத்தி நிறுத்தும் இடம் என்று நினைத்து உருட்டு.

வேண்டாத ஷோர்யூகென் மட்டும் கொஞ்சம் நுட்பமானது. எதிராளியை நோக்கி நடந்துகொண்டே ஹடோகென் போடப் பார்க்கிறாய். நடப்பது என்றால் 6-ஐ அழுத்திக்கொண்டிருப்பது. அதோடு 236 சேர்ந்தால் ஹிஸ்டரியில் 6236 என்று விழும். அதற்குள் 623 ஒளிந்திருக்கிறது பார். இரண்டில் எதை எடுப்பது என்ற இடத்தில் ஆட்டம் ஷோர்யூகெனைத்தான் எடுக்கும், ஏனென்றால் அதுதான் கடினமான அசைவு என்று அது கணக்கிட்டு வைத்திருக்கிறது. தீர்வு, நடப்பதை விட்டு விரலை 5-க்குக் கொண்டுவந்து ஒரு இமைப்பொழுது விட்டுப் பிறகு 236-ஐத் தொடங்குவது. இதைத் தெரிந்துகொள்ளாமல் வருஷக்கணக்கில் கன்ட்ரோலரைத் திட்டுகிறவர்கள் உண்டு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: ஸ்ட்ரீட் ஃபைட்டர் வரிசையில் பட்டனை அழுத்தும்போது மட்டுமல்ல, விடும்போதும் சிறப்பு அசைவு பாயும். நீ போடாத ஹடோகென் தானாக வந்தது என்று ஒருமுறை சொன்னாயே, குத்துப் பட்டனை அழுத்திப் பிடித்திருந்து விட்டிருப்பாய்.

விரலை வைக்கும் விதத்தை வீடியோவில் கவனித்தேன். நகநுனியால் டி-பேடின் ஓரங்களைக் கொத்துகிறாய். கட்டைவிரலின் சதைப்பகுதியை டி-பேடின் நடுவில் ஊன்றி, தூக்காமல் அங்கிருந்தே சாய்த்து உருட்டு. 2-லிருந்து 6 வரை விரல் தொடர்பு விடக்கூடாது. அழுத்தத்தையும் குறை. சுற்றின் கடைசியில், உயிர் கொஞ்சம்தான் மிச்சமிருக்கும்போது, உன் முழங்கை விலாவை விட்டு மேலே எழும்புகிறது, கன்ட்ரோலரை நெரிக்கிறாய். நெரித்த விரல் ஒரு திசையிலிருந்து விடுபட நேரம் எடுத்துக்கொள்ளும். ஹிஸ்டரியில் 2-இன் பக்கத்தில் வழக்கமான எண் சட்டென்று எகிறுவதை அப்போது நீயே பார்க்கலாம்.

பயிற்சியை எப்படி அமைப்பது? நீ மிருதங்கம் கற்றவன். சொல் முதல் காலத்தில் சுத்தமாக விழாமல் இரண்டாம் காலத்துக்குப் போக உன் வாத்தியார் விட்டாரா? இங்கும் அதே சட்டம்தான். முதலில் பட்டனைத் தொடாதே. 2, 3, 6 மூன்றும் ஹிஸ்டரியில் தெளிவாக விழும் அளவுக்கு மெதுவாக இடது கட்டைவிரல் மட்டும். அது சலிப்புத் தட்டும் அளவுக்குச் சரியாக வந்த பிறகு குத்தைச் சேர். பத்துக்குப் பத்து சுத்தமாக விழுந்தால் கொஞ்சம் வேகம் கூட்டு. இரண்டு தவறினால் பழைய வேகத்துக்கே திரும்பு. தவறாகப் போட்டதை உடனே பதற்றத்தோடு மறுபடி மறுபடி போடுவதை அறவே நிறுத்து. அந்தப் பதற்றமும் பயிற்சிதான். உடம்பு அதையும் கற்றுக்கொண்டுவிடும்.

வலப்பக்கத்திலிருந்து ஆடுவதற்குப் பாதி நேரம் கொடு. நீ அனுப்பிய வீடியோக்கள் எல்லாவற்றிலும் இடப்பக்கம்தான் நிற்கிறாய். எதிராளி உன்னைத் தாண்டிக் குதித்த கணமே திசைகள் தலைகீழாகின்றன. 236 என்பது இப்போது உன் கட்டைவிரலுக்குக் கீழிருந்து இடப்பக்கம் போகும் வழி. தசைக்கு அது முற்றிலும் வேறு அசைவு. ஒரு பக்கத்தில் நன்றாக வருவது மறுபக்கத்தில் தானாக வந்துவிடும் என்று நம்பாதே.

இரு பக்கமும் பழகிய பிறகு எல்லாவற்றையும் கலைத்துப் போடு. ஒரு ஹடோகென், ஒரு ஷோர்யூகென், பின்னால் ஒரு பாய்ச்சல், பக்கம் மாறி இன்னொரு ஹடோகென் என்று வரிசை கலைந்து வரட்டும். 1979-இல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் கை அசைவுகளை இரண்டு விதமாகப் பழக்கிப் பார்த்தார்கள். ஒரே அசைவைத் தொகுதி தொகுதியாகச் செய்தவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள். கலந்து செய்தவர்கள் அப்போது தடுமாறினாலும், பின்னால் சோதித்தபோது அவர்களுக்குத்தான் நினைவில் நின்றிருந்தது. டிரெய்னிங் மோடில் ஐம்பது ஹடோகென் வரிசையாகப் போட முடிகிற உனக்கு ஆட்டத்தில் ஒன்று வராமல் போவதற்கு இதுவே காரணம். ஆட்டத்தில் யாரும் ஐம்பது ஹடோகென்னுக்கு வரிசையாக இடம் தரமாட்டார்கள்.

டெக்கன் என்ற இன்னொரு சண்டை ஆட்டம் பற்றியும் கேட்டிருந்தாய். அதில் வரும் கஸுயாவின் ‘எலக்ட்ரிக்’ என்ற மின்னல் குத்து இந்தப் பாடம் முழுவதையும் ஒரே அசைவில் சோதித்துவிடும். 6, 5, 2, பிறகு 3-உம் வலக்கைக் குத்தும் ஒரே ஃபிரேமில். 60-இல் ஒரு பங்கு நொடி. அது தவறினாலும் குத்து வரும். ஆனால் மின்னல் இருக்காது, எதிராளி தடுத்துவிட்டால் உனக்குத் தண்டனை காத்திருக்கும். மின்னலோடு வந்தால் தடுத்தாலும் நீ தப்பலாம். ஹிஸ்டரியில் 3-உம் குத்தும் ஒரே வரியில் சேர்ந்து விழுந்திருக்கிறதா என்று பார். 3 மட்டும் தனியே ஒரு வரி, குத்து அடுத்த வரி என்றால் வலது கை தாமதம். 2-இன் வரியிலேயே குத்து இருந்தால் வலது கை முந்திவிட்டது. தாமதமா முந்தலா என்று தெரியாமல் ஆயிரம் முறை போட்டாலும் பிரயோஜனமில்லை. தெரிந்துவிட்டால் திருத்த வேண்டிய திசை தெரிந்துவிடும்.

டெக்கன் என்றதும் லாகூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. நீ இருக்கும் தில்லியிலிருந்து நேர்கோட்டில் 400 கிலோமீட்டர் சொச்சம்தான். சென்னை அதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு தூரம். அந்த ஊர்க்காரர் அர்ஸ்லான் ஆஷ் 2019 பிப்ரவரியில் ஃபுகுவோகாவில் ஈவோ ஜப்பானை வென்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் ஈவோவின் இறுதியில் ‘நீ’ (Knee) என்ற பெயரில் ஆடும் கொரிய ஆட்டக்காரரை வீழ்த்தினார். உலகம் ஜப்பானையும் கொரியாவையும் பார்த்துக்கொண்டிருந்தபோது லாகூரில் ஒரு கூட்டம் ஒருவரோடு ஒருவர் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடி ஆடித் தேறியிருந்தது. அந்தக் கொரிய ஆட்டக்காரரே பிறகு பாகிஸ்தானுக்குப் போய் அவர்களோடு ஆடிப் பார்த்தார். உனக்கும் அது வேண்டும். நெட்டில் ஆடும்போது எதிராளியின் அசைவு அவ்வப்போது தாவித் தெரியும்; கண் பிடித்த தாளமும் கை பிடித்த தாளமும் ஒட்டாமல் போகும். உன் வகுப்பிலேயே, ஆர்.கே. புரத்திலேயே, இரண்டு பேரைப் பிடி. வாரம் ஒருமுறை ஒரே அறையில், ஒரே திரையின் முன் உட்காருங்கள்.

இனி கருவி. 2014 ஈவோவில் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தைப் பிரான்ஸின் லஃபி வென்றது முதல் பிளேஸ்டேஷனின் பழைய பேடைக் கையில் வைத்துக்கொண்டு. சுற்றிலும் பலர் விலை உயர்ந்த ஆர்கேட் ஸ்டிக்குகளோடு உட்கார்ந்திருந்த காலம் அது. லெவர்லெஸ் நல்ல கருவிதான், மறுக்கவில்லை. ஒவ்வொரு திசைக்கும் ஒரு பட்டன் என்பதால் 3 வேண்டுமென்றால் 2-உம் 6-உம் சேர்த்து அழுத்தினால் போதும். மூலையைத் தேடி உருட்ட வேண்டியதில்லை. ஆனால் வலது கை முந்துகிற உன் பழக்கம் அதிலும் கூடவே வரும். ஆசை தீர வேண்டுமானால் வீட்டுக் கம்ப்யூட்டர் கீபோர்டில் ஒரு மாதம் ஆடிப் பார். அமைப்பு கிட்டத்தட்ட அதேதான். மலிவான கீபோர்டுகள் சில, மூன்று நான்கு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்றை விழுங்கிவிடும், அதை மட்டும் சோதித்துக்கொள். பிடித்துப்போனால் அப்போது வாங்கலாம், அல்லது லஜ்பத் ராய் மார்க்கெட்டில் பட்டன்கள் தேடிப்பிடித்து ஒரு ராஸ்பெர்ரி பை பிகோ பலகையில் கோத்து நீயே செய்யலாம். அதற்கான ஜிபி2040-சிஇ மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. போட்டிக்குக் கொண்டுபோவதானால் இடதும் வலதும் சேர்த்து அழுத்தும்போது என்ன விழ வேண்டும் என்று அந்தப் போட்டியின் விதியைப் படித்து அதன்படி அமைத்துக்கொள். இப்போதைக்கு என் தீர்ப்பு, உன்னிடம் இருக்கும் பேடே போதும்.

பேட் தேய்ந்துபோய் மாற்ற நேர்ந்தால், நேரு பிளேஸோ பாலிகா பஜாரோ, எங்கே வாங்கினாலும் கடையிலேயே செருகிப் பார். கட்டைவிரலை 2-லிருந்து 6-க்கு மெதுவாக உருட்டி மூலை விரலுக்குத் தெரிகிறதா, திரையில் 3 ஒவ்வொரு முறையும் விழுகிறதா என்று பார்த்து வாங்கு. பெட்டியின் மேலிருக்கும் படம் இதைச் சொல்லாது. வீட்டு டிவியில் கேம் மோடைப் போட்டு வை. படத்தை அழகாக்க டிவி செய்யும் வேலைகள் பல மில்லி நொடிகளைத் தின்றுவிடும். பிளேஸ்டேஷன் 4-இல் கேபிளைச் செருகினால் மட்டும் போதாது, செட்டிங்ஸில் தொடர்பு முறையை யுஎஸ்பி என்று மாற்றினால்தான் கேபிள் வழியே போகும்.

தில்லிக்கென்றே ஒரு தொல்லை உண்டு. ஜனவரி இரவில் விறைத்த விரல் ஹிஸ்டரியிலேயே தெரியும். எல்லா எண்ணும் கூடிவிடும். ஆடுமுன் வெந்நீரில் கையை நனைத்துத் துடைத்துக்கொள். ஹீட்டர் முன்னால் இரண்டு நிமிடம் நீட்டினாலும் சரி. மே, ஜூனில் நேர்மாறு, வியர்வையில் விரல் வழுக்கும். துண்டு ஒன்று மடியில் இருக்கட்டும். போட்டிக்குப் போனால் உன் முறை வருமுன் சும்மா உட்கார்ந்திருக்காமல் விரலை அசைத்துச் சூடாக்கு. ஆடும் மேஜையில் பட்டன் அமைப்பைச் சரிபார், இரு பக்கமும் ஒரு ஹடோகென் போட்டுப் பார். பாஸ் பட்டனைப் பூட்டிவிடு. சுற்றின் நடுவே தெரியாமல் அழுத்தினால் பல போட்டிகளில் அந்தச் சுற்றே போய்விடும்.

அம்மாவுக்கு இதெல்லாம் வீண்வேலை என்ற எண்ணம் இருப்பதாகச் சொன்னாய். 2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை இளைஞர் விவகாரம், விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டது என்று சொல். 2026 ஐச்சி-நகோயா ஆசிய விளையாட்டுப் பட்டியலில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-உம் டெக்கன் 8-உம் இருக்கின்றன என்றும் சொல். ஆனால் இதை வைத்துக்கொண்டு படிப்பு நேரத்தில் கை வைக்காதே. ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம், கவனத்தோடு, ஹிஸ்டரியைப் பார்த்தபடி பழகினால் போதும். அதற்கு மேல் விரல் கற்பது குறைவு. மிச்சத்தை இரவுத் தூக்கம் செய்துகொடுக்கும்; நேற்று வராத அசைவு காலையில் வருவதை நீயே பார்ப்பாய்.

கடைசியாக ஒன்று. கட்டைவிரலின் அடிப்பகுதியிலிருந்து மணிக்கட்டு வரை இழுத்துப் பிடிக்கிற மாதிரி வலி வந்தால், அன்றைக்கு அதோடு நிறுத்து. ஓரிரு நாள் ஓய்வில் போகவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். அந்த இடத்துத் தசைநாண் உறை வீங்கிவிட்டால் மாதக்கணக்கில் பேனா பிடிப்பதே கஷ்டமாகிவிடும். அம்மா திட்டுவாள் என்று மறைக்காதே. எனக்கு உடனே போன் செய், நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா